வெள்ளிநா வாய்த்த உபாத்தியாயர்: மகாகனம் ஸ்ரீநிவாச சாஸ்திரியார்

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் முன்னோர்க்கு உடையவர் நினைவே எழும். இக்காலத்து இளைஞர்க்கோ தொழிற்சாலைகளே நினைவிற்கு வரும். இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு மோட்டார்க் கார்கள் செய்யத் தொடங்கியதுமுதல், ஒரகடம் வரையில் ஏரியும் வயலும் கொல்லையுமாய்க் கிடந்த நிலம் சிறிது சிறிதாக மதிலும் கூரையும் புகைபோக்கியுமாய் மாறிவிட்டது. அவ்வழியிலுள்ள சிற்றூரொன்றே எம் ஊர். பொழுது புலருமுன்னே கம்பெனி பஸ்கள் எம் தெருமுனையில் வந்து நின்று ஆட்களை ஏற்றிச் செல்லும். அவற்றுள் ஒன்றில் ஏறிச் செல்பவர் என் அண்ணன்.

பாலிடெக்னிக்கில் படித்துத் தேறிய அவர் தம் கையிலுள்ள இயந்திரத்தின் நாடி நரம்பெல்லாம் அறிந்தவர். சென்ற ஆண்டு மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல் நிகழ்ந்தது. கேட்ட கேள்விகள் யாவும் அவருக்கு விடை தெரிந்தவையே. ஆயினும் ஆங்கிலத்திற் கேட்டனர், ஆங்கிலத்திலேயே விடை வேண்டினர். அண்ணனுக்கு நா எழவில்லை. எழுந்த சில சொற்களையும் எதிரே இருந்தவர் இருமுறை திரும்பக் கேட்டாராம். அன்றிரவு அவர் உண்ணாமலே படுத்துக்கொண்டார். நம்மைப் போன்ற குடியிற் பிறந்தவர்க்கு இந்த மொழி நாவிற் படியுமா என்று அவர் என்னை வினவியபொழுது, தமிழ் ஆனர்ஸ் படிக்கும் யான் விடை கூற மாட்டாது விழித்தேன். பின்னர் நூல்நிலையத்தில் அதற்கு விடை தேடப் புகுந்தபோது எதிர்ப்பட்டதே சாஸ்திரியார் வரலாறு. நம் கலாசாலை நண்பருள் பலருக்கும் இவ்வச்சம் உண்டென்பதை வாய்மொழித் தேர்வு நாட்களிற் கண்டிருக்கின்றேனாதலின், அதனை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1869ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் கும்பகோணத்தையடுத்த வலங்கைமான் என்னும் ஊரிற் பிறந்தார். காந்தியடிகள் பிறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து. தந்தையார் புரோகிதத் தொழிலால் வாழ்ந்த ஏழை அந்தணர். வீட்டில் ஒலித்தது வடமொழி. வீதியில் ஒலித்தது தமிழ். ஆங்கிலம் ஒலித்த இடம் பள்ளிக்கூடம் ஒன்றே. கும்பகோணம் நேடிவ் ஹைஸ்கூலிலும், தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ் என்று அந்நாளிற் பெயர் பெற்றிருந்த கும்பகோணம் அரசினர் கலாசாலையிலும் பயின்று, ஆங்கிலத்திலும் வடமொழியிலும் முதல் வகுப்பில் தேறிப் பி. ஏ. பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் ஓர் இளைஞன் ஆங்கில ஒலியைக் கற்க என்ன துணை இருந்தது என்று சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தது 1877இல். அது காவிரிக்கரை மாணவர் கைக்கு எட்டும் பொருளன்று. சென்னையில் வானொலிக் கழகம் தோன்றியது 1924இல். அப்பொழுது சாஸ்திரியார்க்கு வயது ஐம்பத்தைந்து ஆகவிருந்தது. ஆங்கில ஒலிகளைக் குறியீடுகளால் விளக்கும் டானியல் ஜோன்ஸ் அகராதி வெளிவந்தது 1917இல். அதற்குள் அவர் நாடறிந்த பேச்சாளர் ஆகிவிட்டார். ஆகவே அவர்க்கு வாய்த்த கருவிகள் ஆசிரியர் வாயும், அச்சிட்ட நூலும், அகராதியும், தம் செவியுமே. இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இலண்டன் நகரத்து ஒலி கிடக்கின்றது; கேட்பார்தாம் இல்லை.

தமிழ் பேசும் நாவிற்கு ஆங்கிலம் ஏன் இடர் செய்கின்றது? எம் பாடத்திலேயே இதற்கு விடை உண்டு. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களைக் கூறி, இன்ன எழுத்து இன்ன உறுப்பின் முயற்சியாற் பிறக்கும் என்று வகுத்துச் சென்றார். ஒலி என்பது உறுப்புக்களின் தொழில் என்ற இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டால் வெட்கத்திற்கு இடமில்லை. தமிழில் மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலாகாது. ஆகவே ஸ்கூல் என்பதை நம் பாட்டியர் இஸ்கூல் என்பர். வல்லின மெய் சொல்லுக்கு ஈறாகாது. ஆகவே புக் என்பது புக்கு என்றும் கேட் என்பது கேட்டு என்றும் உகரம் பெறும். எகர ஒகரங்கள் சொல்லின் முதலில் வரும்பொழுது பேச்சில் யகர வகரச் சாயல் ஏறுகின்றது; எம் என்னும் ஆங்கில எழுத்தை நாம் யெம் என்கின்றோம்; ஒன்லி என்பது வொன்லி ஆகின்றது. கீழ் இதழில் மேற்பல் பொருந்தப் பிறக்கும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லாமையால் ஆய்தத்தைப் பகரத்தின் முன்னிட்டு எழுதிக்கொள்கின்றோம். எழுதிய அளவில் அமைந்து, சொல்லும்போது மீண்டும் பகரமே சொல்கின்றோம். இவையெல்லாம் அறியாமையாற் பிறந்த குற்றங்கள் அல்ல. தாய்மொழியின் இலக்கணம் நாவைப் பழக்கிய பழக்கங்கள்.

இன்னொன்று இவற்றினும் பெரிது. தமிழில் எழுத்துக்கள் ஏறக்குறைய ஒருநிகராய் ஒலித்துச் செல்லும். ஆங்கிலத்திலோ ஒவ்வொரு சொல்லிலும் ஓரசை அழுத்தம் பெறும். மற்றவை அதற்கு வழிவிட்டுத் தேயும். போட்டோகிராப் என்பதில் முதலசை அழுத்தம் பெறும். போட்டோகிராபர் என்பதில் அவ்வழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவும். எழுத்தொலிகள் யாவும் பழுதறச் சொல்லி, அழுத்தத்தை மட்டும் இடம் மாற்றிவிட்டால், கேட்போன் மயங்கி மறுமுறை கேட்பான். என் அண்ணனை அவர்கள் இருமுறை கேட்டது பெரும்பாலும் இதனாலேயே இருத்தல் கூடும். எழுத்தும் இங்கே துணை செய்யாது. கட் என்பதிலும் புட் என்பதிலும் ஒரே உயிரெழுத்தை எழுதி இருவேறாய் ஒலிக்கும் மொழி அது. ஆகவே ஐயம் வந்துழி அகராதியைப் புரட்டுதல் அன்றி வேறு வழியில்லை. சாஸ்திரியார் வாழ்நாள் முழுதும் அகராதியை விட்டகலாதவர் என்பர்.

பட்டம் பெற்ற பின்னர் அவர் நாடியது உபாத்தியாயர் தொழில். மாயூரத்திலும் சேலத்திலும் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பள்ளியின் தலைமையாசிரியரானார். நெஸ்பீல்டு என்னும் ஆங்கிலேயர் இயற்றிய இலக்கண நூல் அந்நாளில் இந்தியப் பள்ளிகளிலெல்லாம் வேதம்போல் ஓதப்பட்டது. அதிலுள்ள பிழைகளை இத்தமிழாசிரியர் சுட்டிக் காட்டினார் என்ற செய்தி இன்றும் வழங்குகின்றது. தமிழாசிரியர் என்றது தமிழரான ஆசிரியர் என்ற பொருளில்.

அவருடைய பேச்சு மேடையிற் பிறந்ததென்று பலர் எண்ணுகின்றனர். யான் அவ்வாறு எண்ணவில்லை. நாள்தோறும் பிள்ளைகள் முன்னின்று, ஒரு சொல்லை ஒருமுறைக்குப் பத்துமுறை தெளிவாகச் சொல்லி, விளங்காத முகத்தைக் கண்டு வேறு சொல்லால் மீண்டும் விளக்கி வந்த வகுப்பறையே அவர்க்குப் பயிற்சிக்களம். அவர் குரல் பெருங்குரலன்று. கையை வீசுதலும் மேசையைத் தட்டுதலும் அவர்பால் இல்லை. சொல் முழுமையாக வெளிவரும். வாக்கியம் தொடங்கிய இலக்கணத்திலேயே முடியும். கடைசி வரிசையிலிருப்போன் செவிக்கும் அது எட்டும். நல்ல பள்ளியாசிரியர் எவரும் இவ்வாறே பேசுவர். திருவல்லிக்கேணியில் வாழ்ந்த காலத்திலேயே 1904ஆம் ஆண்டு நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். சென்னை ஆசிரியர் சங்கத்தையும் தொடங்கினார். அரிசி பருப்பு விலையும் ஆசிரியர் சம்பளமும் பேசிப் பழகிய நாவே பின்னர் உலக மாநாடுகளிற் பேசிற்று.

1906ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலேயைச் சந்தித்தார். அடுத்த ஆண்டே தலைமையாசிரியர் பதவியைத் துறந்து, கோகலே புனாவில் நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் உறுப்பினராய்ச் சேர்ந்தார். சிறு உதவித்தொகையில் வாழ்க்கை நடத்துவதாகவும் தமக்கெனப் பொருள் ஈட்டுவதில்லை என்றும் உறுதிகூறிச் சேரவேண்டிய சங்கம் அது. குடும்பியான முப்பத்தேழு வயதினர் ஒருவர் நிலையான வேலையை விட்டு அங்கே மாணாக்கராய்ப் புகுந்தது சிறு செயலன்று. கோகலே இளமையில் ஆங்கில நூற்பகுதிகளை நெடுக மனப்பாடம் செய்து பழகியவர் என்பதை அவர் வரலாறு எழுதினோர் குறித்துள்ளனர். உறுதி செய்யாத ஒரு புள்ளிவிவரத்தையும் மேடையில் வழங்கக் கூடாதென்பது அவர்தம் கட்டளை. மொழியழகு சாஸ்திரியார்பால் முன்னரே இருந்தது. அதற்குள் வைக்கவேண்டிய செய்தியை அளந்து வைக்கும் ஒழுக்கத்தைக் கோகலேயிடம் பெற்றார். 1915ஆம் ஆண்டு கோகலே மறைந்தபொழுது சங்கத்தின் தலைமை இவர்மேல் வந்தது.

1919ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ரௌலட் மசோதா பேரரசுச் சட்டசபையில் வந்தது. விசாரணையின்றிச் சிறையிடும் அதிகாரத்தை ஆட்சியாளர்க்குத் தருவது அம்மசோதா. சாஸ்திரியார் அதனை எதிர்த்துப் பேசினார். குற்றமற்றவர் வாழ்வில் அச்சம் புகும்பொழுது நல்லாட்சியின் வேரே அறும் என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்டோர் வியந்தனர், சட்டமும் நிறைவேறிற்று. பேச்சு வென்று கோரிக்கை தோற்ற இந்நிகழ்ச்சி அவர் வாழ்வில் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்போம்.

அதன்பின் அவர் கடல் கடந்தார். 1921ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த ஏகாதிபத்திய மாநாட்டில் இந்தியாவின் சார்பாக அமர்ந்தார். பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் முன்னரே குடியிருக்கும் இந்தியர்க்கு முழுக் குடியுரிமை வழங்கல் வேண்டும் என்ற தீர்மானம் அவர் முயற்சியால் நிறைவேறிற்று. தென்னாப்பிரிக்கா மட்டும் உடன்படவில்லை. அவ்வாண்டே பிரிவி கவுன்சில் உறுப்பினராகி மகாகனம் என்னும் அடைமொழி பெற்றார். இலண்டன் மாநகரம் அவரைத் தன் கௌரவக் குடிமகனாக்கிற்று. 1922 பிப்ரவரியில் வாஷிங்டனில் வல்லரசுகள் தத்தம் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொள்ள உடன்படிக்கை செய்துகொண்டபோது, இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் வலங்கைமான் புரோகிதரின் மகனே. ஆங்கிலம் இத்துணை அழகிய மொழி என்பதை இவர் பேசக் கேட்டே உணர்ந்ததாக ஆக்ஸ்போர்டு பேலியல் கலாசாலைத் தலைவர் ஏ. எல். ஸ்மித் சொன்னார் என்றும், பால்பர் பிரபுவும் அவ்வாறே வியந்தார் என்றும் கூறுவர். வெள்ளிநாப் பேச்சாளர் என்ற பெயர் அவர்க்கு உலகெங்கும் நிலைத்தது.

1922இல் அவர் ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, கானடா ஆகிய நாடுகளிற் சுற்றுப்பயணம் செய்தார். இவ்விடத்தில் விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலுள்ள ஒரு செய்தி என் நினைவிற்கு வருகின்றது. யோர்தான் துறைகளைக் கைப்பற்றிய கிலேயாத்தியர், தப்பியோட வந்த எப்பிராயீமரை ஷிபோலேத் என்னும் சொல்லைச் சொல்லுமாறு ஏவினர். சிபோலேத் என்று சொன்னவனை அவ்விடத்திலேயே வெட்டினர். ஓரெழுத்தொலி பலர் உயிரை உண்டது. அப்பழங்கதை இருபதாம் நூற்றாண்டிலும் முடியவில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் நாட்டில், ஐரோப்பிய மொழியொன்றில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவரைத் தடுக்கும் குடியேற்றச் சட்டம் 1897இல் வந்தது. அதனைப் பின்பற்றி 1901இல் ஆஸ்திரேலியா, ஐம்பது சொற்களை அதிகாரி ஓதக் கேட்டு எழுதவேண்டும் என்னும் சோதனையை வகுத்தது. எந்த மொழியில் ஓதுவது என்பது அதிகாரியின் விருப்பம். வேண்டாதவனுக்கு அவன் அறியாத மொழியில் ஓதினாற் போதும். 1958ஆம் ஆண்டு வரை அச்சோதனை சட்டத்தில் இருந்தது.

இத்தகைய வேலியிட்ட நாட்டிலே, அவர்தம் மொழியை அவரினும் செம்மையாய்ப் பேசும் கருநிற மனிதர் ஒருவர் மேடையேறி நின்றார். அங்கிருந்த இந்தியர் சிறு தொகையினர். அவர்க்கு வாக்குரிமை வழங்குதல் நீதி என்று அமைதியாய் எடுத்துரைத்தார். 1925ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் பாராளுமன்றம் அங்குக் குடியிருந்த பிரிட்டிஷ் இந்தியர்க்கு வாக்குரிமை தந்தது. அவர் பேச்சு விளைத்த பயன்களுள் இஃது ஒன்று.

கெனியாவில் அவ்வாறு நிகழவில்லை. அங்கே வெள்ளையரும் இந்தியரும் ஒரே வாக்காளர் பட்டியலில் இருத்தல் வேண்டும் என்றும், மேட்டுநிலங்களை வெள்ளையர்க்கே ஒதுக்குதல் தகாது என்றும் வாதிட 1923இல் மீண்டும் இலண்டன் சென்றார். உடல்நலம் குன்றியிருந்த காலம் அது. ஜூலையில் வெளிவந்த அரசாங்க முடிவு இரண்டையும் மறுத்தது. ஆங்கிலேயரின் நீதியுணர்வை நம்பியே தம் அரசியலை அமைத்துக்கொண்டிருந்த அவர் மனம் இதனால் முறிந்தது. அவர் பேச்சிற்கு மாலையிட்டவர் கைகளே அவர் கேட்டதை மறுத்தன. மிதவாதி என்று அவரை நம் நாட்டில் எள்ளியோர்க்கு இது நகைப்பாயிற்று. யானும் அவர் அரசியலை முற்றும் உடன்படுகின்றேனல்லேன். காந்தியடிகளின் ஒத்துழையாமையை அவர் எதிர்த்தது காலத்தின் ஓட்டத்தை உணராமையே என்று தோன்றுகின்றது. எனினும் மனம் முறிந்தவர் வாளாவிருந்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1860ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் டர்பன் கரையை அடைந்தது. அதுமுதல் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றவருட் பெருந்தொகையினர் தமிழர். 1927இல் இரு நாட்டு அரசாங்கங்களும் கேப்டவுனில் உடன்பாடு செய்துகொண்டு, இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியொருவர் அங்கே தங்குவதென முடிவு செய்தன. முதற் பிரதிநிதியாகச் சாஸ்திரியாரே செல்லல் வேண்டும் என்று காந்தியடிகள் விரும்பினார். அவ்வாண்டு ஜூன் திங்களில் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார்.

பதினெட்டுத் திங்களே அங்கிருந்தார். வெள்ளையர் சங்கங்களிலும் தேவாலயங்களிலும் கலாசாலைகளிலும் இடைவிடாது பேசினார். கூலி என்றே இந்தியரை அழைத்துப் பழகியவர் பலர் அவர் முன்னிலையில் அச்சொல்லைச் சொல்ல நாணினர். எல்லோரும் நாணினர் என்று சொல்லுதற்கில்லை. 1928இல் டிரான்ஸ்வாலிலுள்ள கிளெர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிக்கொண்டிருந்த கூட்டத்திற்குள், அவ்வூர் நகராண்மையின் துணைத்தலைவரே முன்னின்று ஒரு கும்பலை அழைத்துக்கொண்டு புகுந்து கூட்டத்தைக் குலைத்தார். எத்துணைச் செம்மையான ஆங்கிலமும் நிறத்தை மாற்றிவிடாது என்பதை அக்கும்பல் அவர்க்கு அறிவித்தது.

ஆயினும் அந்நாட்டில் அவர் விட்டுச்சென்ற ஒன்றை அக்கும்பலாற் குலைக்க முடியவில்லை. நேட்டாலில் இந்தியப் பிள்ளைகள் உயர்தரக் கல்வி பெறுதற்கும் ஆசிரியர் பயிற்சி பெறுதற்கும் தக்க நிலையம் இல்லாதிருந்தது. தலைமையாசிரியரின் பழைய கண் அதனை உடனே கண்டுகொண்டது. இந்திய வணிகரிடமும் பிறரிடமும் பொருள் திரட்டினார். அடிக்கல் 1928இல் நாட்டப்பெற்றது. அவர் தாயகம் திரும்பிய பின்னர், 1929 அக்டோபரில், டர்பன் நகரில் சாஸ்திரி கலாசாலை திறக்கப்பட்டது. கரும்புத் தோட்டத்துக் கூலியின் பேரப்பிள்ளைகள் அங்கே படித்து ஆசிரியராகவும் மருத்துவராகவும் வழக்கறிஞராகவும் வெளிவந்தனர். கேப்டவுன் உடன்பாடு இந்தியரைத் திருப்பியனுப்பும் சூழ்ச்சியையும் உட்கொண்டிருந்தது என்று குறைகூறுவோர் உண்டு, அக்குறை உண்மையே. பள்ளியும் உண்மையே.

இவ்வளவு புகழ் பெற்றவர்க்கு அரசாங்கம் ஸர் பட்டமளிக்க முன்வந்தபொழுது அவர் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. வட்டமேசை மாநாடுகளுக்குச் சென்று வந்தார். 1935முதல் 1940வரை சிதம்பரத்தில் அண்ணாமலைச் சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்தார். மலாய் நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம்மவர் நிலையை நேரிற் கண்டு 1937இல் வெளிவந்த அறிக்கையை அளித்தார். அது அங்கிருந்த இந்தியத் தலைவர் பலருக்கு மனநிறைவு தரவில்லை. கங்காணியின் முன்னிலையிற் பேச அஞ்சிய கூலியின் மௌனத்தை, பேச்சில் வல்ல அவர் முற்றும் கேட்டறிய இயலவில்லையோ என்று யான் ஐயுறுவதுண்டு.

தமிழ் மாணவனாகிய யான் சொல்லாது விடக்கூடாத செய்தி ஒன்று உளது. 1940ஆம் ஆண்டு சென்னை அரசாங்கம் பள்ளிப் பாடங்களுக்குரிய கலைச்சொற்களை வகுக்க ஒரு குழுவை நியமித்து, சாஸ்திரியாரைத் தலைவராக்கிற்று. அக்குழு வடசொற்களையே மிகுதியும் சார்ந்ததென்று தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். ஆங்கிலச் சொல்லொன்றில் அழுத்தம் ஓரசை பிறழ்ந்தாலும் பொறாத செவி, தாய்மொழி தன் சொல்லைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலை அவ்வளவு மதிக்கவில்லை. முதுமையில் அவர் தம் வாழ்க்கை நினைவுகளைத் தமிழிலும் எழுதினார் என்பது எமக்கு ஓரளவு ஆறுதல்.

காந்தியடிகளோடு அரசியலில் மாறுபட்டே வாழ்ந்தார்; நட்பில் மாறுபட்டிலர். அடிகளின் சுயசரிதை குஜராத்தி மொழியில் எழுதப்பட்டது. அதனை மகாதேவ தேசாய் ஆங்கிலமாக்கினார். 1940இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆங்கில நடையை வரிக்கு வரி திருத்தித் தந்த அன்பர் ஒருவர், தம் பெயரை வெளியிடலாகாது என்று நிபந்தனை விதித்ததாகத் தேசாய் முன்னுரையிற் குறித்துள்ளார். அவர் சாஸ்திரியாரே என்பது பின்னர் அறியப்பட்டது. மாணவன் கட்டுரையைத் திருத்திவிட்டுப் பெயரெழுதாது திருப்பித்தரும் பள்ளியாசிரியரை இதிற் காண்கின்றேன்.

1944ஆம் ஆண்டு, எழுபத்தைந்தாம் வயதில், மயிலாப்பூரில் வடமொழிச் சங்கத்தின் சார்பில் இராமாயணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் தொடர்ந்து விரிவுரையாற்றினார். இருதய நோய் அவரை நெடுங்காலமாக வருத்தி வந்தது. 1946 ஜனவரியில் சென்னைக்கு வந்த காந்தியடிகள் மருத்துவமனைக்குச் சென்று அவரைப் பார்த்தார். ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் மறைந்தார். இந்தியா விடுதலை பெற ஓராண்டும் நான்கு திங்களும் இருந்தன. அவருக்கு நெடுநாள் செயலாளராயிருந்த கோதண்டராவ் 1963இல் அவர் வரலாற்றை ஆங்கிலத்தில் விரிவாக எழுதி வெளியிட்டார்.

இவ்வரலாற்றை அண்ணனுக்குச் சொன்னபோது, வாஷிங்டன் மாநாடும் பிரிவி கவுன்சிலும் அவர் மனத்தைத் தொடவில்லை. ஒரு சொல்லைப் பத்துமுறை சொன்ன வகுப்பறை எங்கே இருந்தது என்றுதான் கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தபின் இருவரும் பஸ் ஏறித் திருவல்லிக்கேணிப் பெரிய தெருவுக்குச் சென்றோம். பள்ளிக்கு விடுமுறையாதலின் வாயில் அடைத்திருந்தது. செங்கல் கட்டடத்தை வெளியே நின்று சிறிதுநேரம் பார்த்தோம். திரும்பும்பொழுது பூந்தமல்லி தாண்டும் வரையில் அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பின்னர்த் தம் இயந்திரத்தின் உறுப்புக்கள் ஒவ்வொன்றின் பெயரையும் மெல்லிய குரலில், எந்த அசையில் அழுத்தம் என்று என்னைக் கேட்டுக் கேட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பெயர்களுக்கு எனக்கும் தெரியவில்லை. வீடு சேர்ந்ததும் அகராதியை எடுத்தோம்.